லேசான கிளட்ச்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மறைக்க ஒன்றுமில்லை. என் கணவர் என்னுடைய ஆட்டோமேட்டிக் காரைக் கியர் வண்டியாக மாற்றிவிட்டார். என்னைக் கேட்காமல். நான் வீட்டில் இல்லாத மூன்று வாரத்தில். எழுதுவதற்கு மற்றவர்கள் உயர்ந்த காரணங்கள் சொல்வார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் போதும்.

என் இடது முழங்கால் மடங்காது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கெட்டிக்காரர்கள் இதைக் கடைசிவரை ஒளித்து வைத்துப் படிப்பவரைத் திடுக்கிட வைப்பார்கள். என் முழங்காலை வைத்து அப்படி ஒரு வேடிக்கை காட்ட எனக்கு இஷ்டமில்லை. ஒரு விபத்து, ஒரு தகடு, சில திருகாணிகள். நடப்பேன், படியேறுவேன், மடக்க மட்டும் முடியாது. அதனால்தான் ஆட்டோமேட்டிக் வாங்கினேன். அதில் இடது காலுக்கு வேலையே கிடையாது. மூக்குக் கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். நினைத்த நேரத்துக்குக் கிளம்பவும் நினைத்த இடத்தில் நிறுத்தவும் எனக்கென்று இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

2

முதல் தொடக்கம்: ‘பட்டறையின் ஷட்டர் பாதி ஏற்றியிருந்தது. உள்ளே கார் வயிறு திறந்து’

வேண்டாம். நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘அவர் நல்லவர்.’

உண்மைதான். ஆனால் அடுத்த வாக்கியம் வர மாட்டேன் என்கிறது.

மூன்றாவது: ‘அவனுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கிறதா?’

இது கதை இல்லை, சண்டை. ஆனாலும் இதை எழுதிய பிறகுதான் கை ஓட ஆரம்பித்தது. அவர் அவன் ஆகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். திருத்தப் போவதில்லை.

3

அக்காவுக்கு ஆபரேஷன். கூட இருக்கப் போயிருந்தேன். கிளம்பும்போதே கியர்பாக்ஸ் உதறிக்கொண்டிருந்தது. பட்டறையில் காட்டு என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். காட்டு என்றேன், மாற்று என்று சொல்லவில்லை.

திரும்பி வந்த அன்று கார் வாசலில் கழுவித் துடைத்து நின்றது. அவன் முகமெல்லாம் பல்.

“கண்ணை மூடிக்கோ.”

“என்னப்பா பண்ணி வச்சிருக்க?”

“மூடேன். சர்ப்ரைஸ்.”

கையைப் பிடித்து உட்கார வைத்தான். கண்ணைத் திறந்தேன். நடுவில் புதிதாக ஒரு கியர் கம்பி. அகலமான பிரேக் பெடல் போய் ஒல்லியாக ஒன்று வந்திருந்தது. நான் இடது காலை நீட்டி வைக்கும் இடத்தில் இன்னொரு பெடல்.*

“பழைய கியர்பாக்ஸ் அவ்ளோதான், சரி பண்ணாலும் நிக்காதுன்னுட்டாரு மெக்கானிக். அதான் இதே மாடல்ல அடிபட்ட வண்டி ஒண்ணுலேர்ந்து கியர்பாக்ஸ், பெடல் எல்லாம் எடுத்து மாட்டிட்டோம். இனிமே தொல்லையே இல்ல. மிதிச்சுப் பாரேன், வெண்ணெய் மாதிரி இருக்கும். உனக்காகவே லேசான கிளட்ச் போட்டிருக்கேன்.”

நான் என் காலைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு, “செருப்பைக் கழட்டிட்டு மிதி” என்றான்.

(இந்த இடத்தில் அழுதாள் என்று ஒருமுறை எழுதினேன், அறைந்தாள் என்று ஒருமுறை. நடந்தது இவ்வளவுதான்: இறங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். “டயர்டா இருக்கியா? காபி போடட்டுமா?” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.)

* மீட்டர் பலகையில் ஆட்டோமேட்டிக்குக்கான எழுத்துகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அதை யாரும் மாற்றவில்லை. கதைக்கு இதனால் பயனில்லை, எரிச்சலுக்காகச் சேர்த்தேன்.

4

மறுநாள் டாக்சி பிடித்துப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியிலிருந்து நகர்ந்து வந்து எழுந்தார்.

“யார் ஓட்டப் போறாங்கன்னு கேட்டீங்களா?”

“கேக்காம எப்படி மேடம் கிளட்ச் எடுக்கிறது? அதானே முதல் கேள்வி. வொய்ஃப் ஓட்டுற வண்டின்னு சார் தெளிவா சொன்னாரே. ரெண்டு செட்டு காட்டினேன். ஒண்ணு நல்ல பிடி, உழைக்கும், ஆனா மிதிக்கக் கனம். இன்னொண்ணு லேசு. சாருக்குக் கெட்டியானது மேலதான் ஆசை. ரெண்டு நாள் யோசிச்சாரு. அப்புறம் போன் பண்ணி, வேணாம், லேடீஸ் கால், லேசானதே போடுங்கன்னாரு.”

லேடீஸ் கால்.

“என் முழங்கால் மடங்காது. அதைச் சொன்னாரா?”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “சொல்லலையே மேடம். நீங்களாச்சும் ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

எனக்குத் தெரியாத ஒன்றைத் தடுக்க நான் போன் பண்ணியிருக்க வேண்டுமாம். பழைய கியர்பாக்ஸ் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றார்.

வண்டி ஓட்டாதவர்களுக்காக ஒரு பத்தி. எஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்துச் சேர்ப்பது கிளட்ச். மிதித்தால் பிரியும், விட்டால் சேரும். மிதிப்பது பிரச்சினையே இல்லை, இடுப்பிலிருந்து தள்ளி நானும் மிதித்துவிடுவேன். விடுவதைத்தான் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். அதற்கு முழங்கால் மடங்க வேண்டும். கனமா லேசா என்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவன் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது முழுக்க, என்னிடம் இல்லாத ஒரு கஷ்டத்துக்காக.

5

இதுவரை எழுதியதைத் தோழி ஒருத்தியிடம் காட்டினேன். புருஷன் பாத்திரம் ஒட்டவே இல்லை என்றாள்.

“கூடவே இருக்கிறவன் எப்படிடி மறப்பான்? பேசாம வில்லனாக்கிடு. நீ வெளிய சுத்துறது பிடிக்காம வேணும்னே பண்ணான்னு எழுது. கதை பத்திக்கும்.”

எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. மெல்லிய குரல், குறுகிய கண்கள், தனியே ஒரு சிரிப்பு. முழுப் பக்கத்தையும் அடித்துவிட்டேன். எனக்கு அந்த வில்லனின் பெண்டாட்டி மேல் பொறாமை வந்துவிட்டது. அவன் அவளுடைய காலை நினைத்திருக்கிறான். எது மடங்கும், எது மடங்காது என்று தெரிந்துதான் திட்டம் போட்டிருக்கிறான். என் வீட்டில் இருப்பவன் நினைத்தது ஏதோ ஒரு பெண்ணின் காலை. ஆஸ்பத்திரியில் என் காலுக்குக் கட்டு மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டவன் இவன்தான். இதை எந்த வாசகரை நம்ப வைப்பது? எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

6

முடிவுகள்.

அ) அவள் வலியோடு பழகி, ஒரு நாள் கியர் வண்டியை ஓட்டியே காட்டுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (ஓட்டிக் காட்டுவதற்கு நான் என்ன சர்க்கஸா? கிழித்தேன்.)

ஆ) அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறாள். காரில் ஏறி

எந்தக் காரில்?

இ) இது நான் எழுதியது இல்லை. மேசையில் கிடந்த தாள்களை அவனே எடுத்துப் படித்துவிட்டான்.

“நல்லாத்தான் எழுதியிருக்க. ஒரே ஒரு தப்பு.”

வந்துவிட்டது, இப்போது காலைப் பற்றிச் சொல்லப் போகிறான் என்று நின்றேன்.

“கியர் கம்பின்னு போட்டிருக்க. கியர் லீவர்.”

அவன் தாள்களை அடுக்கி வைத்தான். “கால் விஷயம், நிஜமா தோணவே இல்லம்மா. சாரி. அதுக்கென்ன இப்ப? எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு வார்த்தை சொல்லு, ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துடுவேன். முடிவா அதையே எழுதேன். ரெண்டு பேரும் ஒண்ணா கார்ல போற மாதிரி. படிக்கிறவங்களுக்கும் பிடிக்கும்.”

உங்களில் பாதிப்பேருக்குப் பிடித்திருக்கும், எனக்குத் தெரியும். எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பீர்கள். இனி நான் லென்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவன் வரும்வரை. என் சொந்தக் காரில் ஏறுவதற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த முடிவை நான் எழுத மாட்டேன். என் கையால் எழுத மாட்டேன்.

7

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. மன்னித்தாள் என்று எழுதுங்கள், விற்றாள் என்று எழுதுங்கள், சேர்ந்து போனார்கள் என்றே எழுதினாலும் நான் வந்து தடுக்கப் போவதில்லை. ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். இடது காலை நேராக நீட்டி, முழங்காலை மடக்காமல். பக்கத்து இருக்கையில் அவன் இருப்பான். நல்லவன், பயப்பட வேண்டாம். “லேசாத்தான் இருக்கும், மெதுவா விடு, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே வருவான். பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள். மிதித்துவிட்டீர்களா?

விடுங்கள், பார்க்கலாம்.