இரண்டு குரற்பதிவுகள்

அனுப்பி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தம்பிக்குப் போகவேண்டிய குரற்பதிவு வானொலி அறிவிப்பாளருக்குப் போயிருந்தது.

கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் அதே பெயர்தான் இருந்தது.

"டேய், குடி கெட்டுச்சுடா" என்றாள்.

கணினியின் முன்னே சக்கர நாற்காலியில் அமர்ந்து ஏதோ ஒரு குழந்தையின் படத்துக்கு வெளிச்சம் கூட்டிக்கொண்டிருந்த தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. "யாரு குடி? நம்ம குடியா, அடுத்தவங்க குடியா?"

"நம்மளதுதான். உனக்குப் பேசினதை ரேடியோ சாருக்கு அனுப்பிட்டேன்."

இப்போது நாற்காலி திரும்பிற்று. "எதை? கண்ணு விஷயமெல்லாம் பேசினியே, அதையா?"

அவள் தலையசைத்தாள். தம்பியின் முகத்தில் இருந்த கேலி வழித்தெடுத்தாற்போல் மறைந்துவிட்டது.

அக்காளும் தம்பியுமாக அந்தப் புகைப்படக்கூடத்தை நடத்தி வந்தார்கள். வாசலில் படி கிடையாது, சரிவுதான். காது கேளாதவர்களும் அறியும்படி, அழைப்பு மணியை அமுக்கினால் உள்ளே ஒரு மஞ்சள் விளக்கும் மின்னும். பளிச்சென்ற வெளிச்சத்துக்கு மிரளும் குழந்தைகளுக்காக நின்று எரியும் மென்விளக்குகளை வைத்திருந்தார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி, உட்கார்ந்தபடி தலைவாருகிறவர்களின் உயரத்தில் தொங்கிற்று. கதவில், 'இங்கே யாரும் இருக்கிறபடியே இருக்கலாம்' என்று எழுதியிருந்தது. வெறும் அலங்காரத்துக்கு எழுதியதன்று அது. தம்பியின் படத்தை முகப்பில் வைத்தபோது, மார்பளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அவனே கெஞ்சியும் கேளாமல், நாற்காலியின் சக்கரம்வரை தெரியவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்.

பார்வையற்றவரான அறிவிப்பாளர் முதன்முதலாக வந்தபோது, "படம் எடுத்துக் குடுத்துடுவீங்க. அதுல என்ன இருக்குன்னு எனக்கு யாரு சொல்லுவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று பிறந்ததுதான் குரல் விளக்கம். ஒவ்வொரு படத்தோடும், யார் எங்கே நிற்கிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள், முகம் எப்படி இருக்கிறது என்று அவளே பேசிப் பதிந்து அனுப்புவாள். பிறகு பார்வையற்றோர் பலர் அவளைத் தேடி வந்தார்கள். எல்லாரும் அறிவிப்பாளரின் ஒரு சொல்லை நம்பி வந்தவர்கள்: 'அந்தம்மா கண்ணை நம்பலாம்.'

அந்தச் சொல்தான் இப்போது ஊசலாடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வேலைக்காகக் கடல்கடந்து போகவிருந்த மகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு அறிவிப்பாளர் முந்திய நாள் வந்திருந்தார். ஆறு படங்கள் எடுத்தாள். வழக்கப்படி இரண்டு குரற்பதிவுகளைத் தயாரித்தாள். அவருக்கான விளக்கம் இப்படி இருந்தது: "மூவரும் புன்னகையோடு நேராகப் பார்க்கிறீர்கள். உங்கள் மகள் உங்கள் தோளில் கைவைத்துப் பூரிப்போடு நிற்கிறாள்." தம்பி படத்தைத் திருத்தும்போது போட்டுக் கேட்பதற்கான குறிப்போ வேறு: "டேய், ஆறுல ஒண்ணும் அப்படியே தேறாது. பொண்ணு கேமராவையே பார்க்கல. கண்ணு கலங்கிப்போய் அப்பாவையே பார்த்துட்டு நிக்குது. கடைசிப் படத்துல மட்டும், நான் கூப்பிட்டப்போ திரும்பிச் சிரிச்சுது. அந்த முகத்தை வெட்டி மூணாவதுல ஒட்டிடு. சாருக்குக் கண்ணு ரெண்டும் ரெண்டு பக்கம் போகுது. வழக்கம்போல சரி பண்ணிடு."

இந்த இரண்டாவதுதான் இடம்மாறிப் போயிருந்தது.

"கேட்டுட்டாரா?" என்றான் தம்பி.

"தெரியல. அதுக்குள்ள அழிச்சுடறேன்."

"இரு, அவசரப்படாதே."

அதற்குள் அழித்துவிட்டாள். அழித்த பிறகுதான், அழிப்பதற்கு முன்பே அங்கே கேட்டாயிற்று என்னும் நீலக்குறி விழுந்திருந்தது நினைவுக்கு வந்தது.

"நீயே கூப்பிட்டுப் பேசிடேன்" என்றான் தம்பி.

"என்னன்னு பேசுறது? உங்க கண்ணைத் திருத்தினது தப்புதான்னா, இல்ல, தப்பா அனுப்பிட்டேன்னா?"

தம்பி சற்று நேரம் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஒரு சந்தேகம்க்கா. வாசல்ல இருக்கிற என் படத்துல காலு கோணலாத்தானே தெரியுது? அதைச் சரி பண்ணணும்னு உனக்கு ஏன் தோணல?"

"உனக்குக் கண்ணு தெரியும். திருத்தினா நீ சண்டைக்கு வருவே."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். தம்பி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சண்டைக்கு வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மஞ்சள் விளக்கு மின்னியது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தவர் தபால்காரர். சற்றுப் பொறுத்து மறுபடியும் மின்னியது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கத் தையற்காரி வந்திருந்தாள். அவளை உட்காரவைத்து, கழுத்தைச் சரிசெய்து, மூச்சை அடக்கச் சொல்லி, பொத்தானை அமுக்கினாள்.

"அம்மா, கேமரா மூடியைக் கழட்டலியே" என்றாள் தையற்காரி. "நான் அவ்வளவு அழகாவா இருக்கேன்?"

சிரிக்கவேண்டும் என்று தெரிந்தது, உதடுதான் ஒத்துழைக்கவில்லை.

தையற்காரி போய், வெயில் வாசற்சரிவைத் தொட்டபோது மூன்றாம் முறையாக விளக்கு மின்னியது. கதவுக்கு வெளியே வெண்கோல் தட்டும் ஓசை கேட்டது. வாசலிலிருந்து வரவேற்பு நாற்காலிவரை கோலுக்குத் தட்டுப்படும்படி தரையில் மேடான பட்டை ஒன்றை அவள் ஒட்டியிருந்தாள். அறிவிப்பாளர் அதன் வழியே யாருடைய கையையும் எதிர்பாராமல் நடந்துவந்து உட்கார்ந்தார்.

"வாங்க சார்" என்றாள். குரல் யாருடையதோபோல் ஒலித்தது.

"தம்பி இருக்காரா?"

"இருக்கேன் சார்."

"நல்லது. ரெண்டு பேரும் இருக்கணும்." கோலை மடியில் கிடத்தினார். "நீங்க அனுப்பினதைக் கேட்டேன். திருப்பித் திருப்பிக் கேட்டேன். அப்புறம் அழிச்சீங்க. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'ன்னு என் போன் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிச்சுது. இத்தனை வருஷத்துல நான்கூட அவ்வளவு தெளிவா எதையும் அறிவிச்சதில்ல."

தம்பிக்குச் சிரிப்பு வந்து தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"மன்னிச்சிடுங்க சார். அது தம்பிக்கு..."

"தெரியும்மா. விரல் தப்பினதுக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். நான் ஒரு நாள் இரங்கல் செய்தி வாசிச்ச கையோட கல்யாணப் பாட்டைப் போட்டவன்." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "வழக்கம்போலன்னீங்களே, எப்போலேர்ந்து வழக்கம்?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் உதவிக்கு வருவதாய் இல்லை.

"முதல் படத்திலேர்ந்தே சார்."

"எங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கிறதும்?"

"அதுவும்தான்."

"என் நிலைய அடையாள அட்டை?"

"ஆமா சார்."

அறிவிப்பாளர் கோலின் பிடியை இப்படியும் அப்படியுமாகத் திருகிக்கொண்டிருந்தார். "அப்போ எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் யாரோ ஒருத்தரைப் பார்த்துட்டுப் போயிருக்காங்க. என் வீட்டுக்காரி இத்தனை வருஷமா யாரோ ஒருத்தர் பக்கத்துல நின்னுட்டிருக்கா. அவளும் சொல்லல பாருங்க."

"பார்க்கிறவங்க உங்களைப் பாவம்னு நினைச்சிடக் கூடாதேன்னுதான் சார்..."

"யாரு நினைச்சா?"

அதற்கு இருந்த ஒரே விடை 'நான்' என்பதுதான். இவர் எழுந்து போனால் இவரோடு எத்தனை பேர் போய்விடுவார்கள் என்று காலையிலிருந்து அஞ்சிக்கொண்டிருந்தாள். இப்போது அந்தக் கணக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இந்த ஒருவர் எழுந்துவிடக் கூடாதே என்பது மட்டுமே மிஞ்சியிருந்தது.

"வாசல்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிச்சுச் சொன்னது நீங்கதான்" என்றார் அவர், மெல்ல. "அது நிஜமாவே எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு சார்" என்றான் தம்பி. "அது நிஜம்."

அறிவிப்பாளரே மறுபடியும் தொடங்கினார். ஆனால் இந்தக் குரலை அவர்கள் வானொலியிலும் கேட்டதில்லை, நேரிலும் கேட்டதில்லை.

"என் பொண்ணு ரெண்டு வாரமா வீட்டுல சிரிச்சுக்கிட்டே வளைய வர்றா. போறதுல அவ்வளவு சந்தோஷமான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மனத்தாங்கல். சரியாப் பேசக்கூட இல்ல அவகிட்ட. கண்ணு கலங்கி என்னையே பார்த்துட்டு நின்னான்னு உங்க வாயாலதான் தெரிஞ்சுது. அதுவும் தப்பித் தவறி."

"அவங்ககிட்டக் கேட்டீங்களா சார்?" என்றான் தம்பி.

"கேட்டா சிரிப்பா." கோலை நாற்காலியின்மேல் சாய்த்து வைத்தார். "இப்போ அந்த ஆறு படத்தையும் எடுங்க. வெட்டாம, ஒட்டாம. ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. தம்பிகிட்டப் பேசற குரல்ல சொல்லணும். எனக்குன்னு தனியா ஒரு குரல் வச்சிருக்கீங்களே, சோப்பு விளம்பரத்துக்குப் பேசற மாதிரி, அது வேண்டாம். நானே தினமும் அதைத்தான் பேசிட்டிருக்கேன்."

"சரி சார்."

"இனிமே இங்க வருவேனா, மாட்டேனாங்கிறதை எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொல்றேன்."

தம்பி நாற்காலியை உருட்டி ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டான். முதல் படத்தைத் திரையில் கொண்டுவந்தான். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

"இது முதலாவது படம். நீங்கள் மூவரும்..." என்று தொடங்கியவள், பழைய குரலே இனிப்பாக எழுவதைத் தானே கேட்டு நிறுத்திக்கொண்டாள். அறிவிப்பாளர் காத்திருந்தார். பாட்டு முடியும்வரை காத்திருப்பது அவருக்குத் தொழில்.

"நடுவுல நீங்க உட்கார்ந்திருக்கீங்க" என்றாள் மறுபடியும். "சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கு. நான் கவனிக்கல. உங்க கண்ணு..."

"சொல்லுங்க."

"வலது கண்ணு கொஞ்சம் மேல போகுது. எனக்குப் பின்னாடி இருக்கிற சுவரைப் பார்க்கிற மாதிரி. இடது கண்ணு உள்பக்கமா, மூக்கை ஒட்டி ஒதுங்கியிருக்கு. நடுவுல பால் படிஞ்ச மாதிரி வெள்ளையா இருக்கு."

அவர் கை உயர்ந்தது. ஆட்காட்டி விரல் இடது இமையைத் தொட்டுப் பார்த்தது; மூக்கின் ஓரம்வரை போய்த் திரும்பியது. இதுவரை யாரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை என்பது அந்த விரல் போன விதத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. எழுந்துவிடுவாரோ என்று அவள் சாய்த்து வைத்திருந்த கோலைப் பார்த்தாள்.

"ம்" என்றார். "பொண்ணு?"

அவள் திரையை நெருங்கிக் குனிந்தாள். நேற்று அவசரத்தில் அவள் பாராத ஒன்று அங்கே இருந்தது.

"உங்க இடது பக்கம் நிக்கிறாங்க சார். கீழுதட்டைக் கடிச்சுட்டு இருக்காங்க. அழாம இருக்கத்தான். அந்த இடது கண்ணைத்தான் பார்த்துட்டு இருக்காங்க."

விரல் இமையின்மேலேயே நின்றது. அவர் முகத்திலிருந்து எதையும் அவளால் படிக்க முடியவில்லை. கண்ணை நம்பிப் பிழைப்பவளுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"அடுத்தது" என்றார் அறிவிப்பாளர்.

தம்பி இரண்டாம் படத்தைத் திறந்தான்.