நான்காவது மூலை

ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்தே கால் மணிக்கு, பொது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த நான்கு பெண்கள் ஒரு படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளிலும் உட்கார்ந்துகொண்டு மூன்று மாடி உயரத்தில் நகரத்தைக் கடந்து போனார்கள். வேலை நாள் என்பதால் பார்த்தவர்கள் அதிகமில்லை. தபால் நிலையத்துக்குப் பின்னால் மொட்டை மாடியில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருத்தி கையசைத்தாள். பிறகு மறுபடியும் துவட்டினாள்.

நால்வரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றதற்கு ஓர் எழுத்தர்தான் காரணம். வேலைக்குச் சேர்ந்த அன்று யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவர் நாலு பேருக்கும் ஒரே பிறந்த தேதியை எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். உண்மையில் மூத்தவளுக்கும் இளையவளுக்கும் ஆறு வயது வித்தியாசம். அதைத் திருத்தவும் யாரும் வரவில்லை. அழுக்குத் துணி துவைக்கிறவளின் வயது யாருக்கு வேண்டும்? மூத்தவள் கூடத்தையே மேய்த்தாள், அவள் மேஸ்திரியம்மா. தேய்த்தவள் இஸ்திரி. கிழிசலை ஒட்டுப்போட்டவள் தையல். நாலாமவள் நாலரை அடி உயரம், அதனால் குள்ளச்சி. அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். அறுவை அரங்கின் பெரிய விரிப்பை மடிக்க மூலைக்கு ஒருத்தி வேண்டும். முப்பத்து நான்கு வருடம் அதே நால்வர், அதே மூலைகள். மதியம் ஒரு மணிக்குச் சங்கு ஊதினால் கையிலிருக்கும் விரிப்பை மடித்து வைத்துவிட்டுத்தான் சாப்பாடு. குள்ளச்சியின் மூலை மட்டும் நாலு விரல் தாழ்ந்தே நிற்கும். "கையத் தூக்குடி, விரிப்பு அழுவுது பாரு" என்று மேஸ்திரியம்மா முப்பத்து நான்கு வருடமும் திட்டினாள்.

கூடத்தின் ஒரே ஜன்னல் பேருந்து நிலையத்தைப் பார்த்து இருந்தது. எந்த வண்டி எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எந்த வழியாக என்பதெல்லாம் மேஸ்திரியம்மாவுக்கு மனப்பாடம். தவறிப்போன வண்டிக்காகத் தலையில் கைவைத்து நிற்பவர்கள் ஜன்னலில் வந்து அவளிடம்தான் அடுத்த வண்டி கேட்பார்கள். அவளுடைய சொந்தப் பயணமோ வீட்டிலிருந்து வேலைக்கு ஏழு நிறுத்தம், திரும்ப ஏழு நிறுத்தம். ஓய்வு பெற்ற அன்று அதிகாரிகள் ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இனி வீட்டிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் வாழ்த்தினார். மேஸ்திரியம்மா கடிகாரத்தை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, ஓட்டை விழுந்ததால் கழித்துக்கட்டிய ஒரு பெரிய விரிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தையல் அன்றைக்கே ஓட்டையை அடைத்தாள். மறுநாள் மேஸ்திரியம்மா வீட்டு மாடியில் அதை அலசி, மூலைக்கு ஒருத்தியாகப் பிடித்து ஓர் உதறு உதறினார்கள். விரிப்பு கீழே வரவில்லை. நால்வரும் அதைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏறுங்கடி" என்றாள் மேஸ்திரியம்மா.

கீழேயிருந்து அவள் கணவர் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கத்தினார். அடுப்பு இருக்கும் இடத்தை அவள் மேலேயிருந்தே கைகாட்டினாள்.

அடுத்த நான்கு வருடங்களில், பேருந்துப் பலகைகளில் படித்த ஊர்கள் ஒன்று பாக்கியில்லாமல் பார்த்து முடித்தார்கள். போன ஊரிலெல்லாம் யாராவது ஒருத்தி இவர்களுக்குச் சிநேகிதி ஆனாள். மலையூரில் ஒரு தபால்காரி, ஆற்றோரத்தில் ஒரு படகுக்காரி, எல்லைச் சாவடியில் முத்திரை குத்துகிறவள். அங்கேயே குளித்து, அங்கேயே சண்டை போட்டு, அங்கேயே சமாதானமானார்கள். கடல் மட்டும் மிச்சம் இருந்தது. கரையைத் தாண்டி ஒரு கூப்பிடு தூரம் போனதும் விரிப்பு திணறித் திரும்பிவிடும். குடும்பங்கள் திட்டின. பொம்பளைகளுக்கு இந்த வயசில் என்ன ஆட்டம் என்று நாலு வீட்டிலும் நாலு விதமாகக் கேட்டார்கள். ஆனால் திரும்பி வரும்போது யாருக்கு என்ன வாங்கி வந்தார்கள் என்று பையைத் திறந்து பார்க்காதவர் ஒருவரும் இல்லை.

ஐந்தாம் வருடம் ஒரு பஞ்சாலை ஊருக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது ஆலையில் ஒரு மணிச் சங்கு ஊதியது. நால்வரும் எழுந்து நின்று, மூலைகளைப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து விரிப்பை மடித்தார்கள். பாதி மடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்தது. மூன்று பேர் ஆலை முற்றத்துப் பஞ்சுக் குவியலில் விழுந்தார்கள். குள்ளச்சி எடைமேடையின் விளிம்பில் விழுந்தாள். இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் போனது. தகடு வைத்தார்கள். கால்கள் அவளைத் தாங்க மறுத்துவிட்டன.

குள்ளச்சியின் மகன் வங்கியில் வேலை பார்க்கிறவன், சத்தம் போட்டுப் பேசாதவன். அவன் மேஸ்திரியம்மாவை வாசலிலேயே நிறுத்திக் கேட்டான். "இதுக்கு யாரு பெரியம்மா பொறுப்பு?"

"நான்தான். முதல்ல எழுந்தது என் காலு."

அவன் வேறு பதிலை எதிர்பார்த்திருந்தான். வியாழக்கிழமைகளில் ஒரு மணி நேரம் வந்து பார்க்கலாம், பயணப் பேச்சு மட்டும் கூடாது என்றான். இரண்டு வருடம் அப்படியே நடந்தது. பின் அறையில் குள்ளச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தச் சுவரில் மருத்துவமனை கொடுத்த கடிகாரம் ஓடியது. இதற்கிடையில் நான்காவது மூலைக்குப் பலர் போட்டி போட்டார்கள். நகராட்சித் தலைவரின் மனைவியே வந்து உட்கார்ந்து பார்த்தாள். விரிப்பு மூன்று முழம் எழும்பும், பிறகு பந்தல் மாதிரி அதே இடத்தில் நிற்கும். இஸ்திரி சலித்துப்போய், வயசாயிடுச்சு, விட்டுத்தொலைக்கலாம் என்றாள். தையல் பழைய ஒட்டைப் பிரித்து மறுபடியும் தைத்தாள். மேஸ்திரியம்மா மறுபடியும் ஏழு நிறுத்தம் போய், பழைய ஜன்னலுக்கு வெளியே நின்று பலகைகளைப் படித்துவிட்டு வந்தாள். அவள் அழுததாக யாரும் சொல்லவில்லை. அவள் வீட்டு மாடியில் மட்டும் அந்த இரண்டு வருடமும் எந்தத் துணியும் காயவில்லை.

ஒரு வியாழக்கிழமை குள்ளச்சி தன் படுக்கை விரிப்பின் மூலையைக் கையால் இழுத்துச் சரிசெய்ததை மேஸ்திரியம்மா பார்த்தாள். படுத்திருந்தவளின் கை, மூலையைக் கட்டிலுக்கும் கீழே இறக்கிப் பிடித்திருந்தது. முப்பத்து நான்கு வருடம் திட்டியது தப்பு என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மூலை தாழ்ந்து இருந்ததால்தான் விரிப்பு ஒரு பக்கம் சரிந்து நகர்ந்தது. உயரமானவர்கள் பிடித்தால் அதற்குப் போகத் திசையில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூவரும் பெரிய விரிப்போடு வந்தார்கள். வார்டில் செய்கிற மாதிரியே குள்ளச்சியை ஒரு பக்கம் புரட்டி, பாதி சுருட்டிய விரிப்பைச் செருகி, மறுபக்கம் புரட்டி இழுத்தார்கள். தையல் அவள் இடுப்புக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்துத் தைத்தாள். மகன் ஓடிவந்தான்.

"பெரியம்மா, அம்மாவால உக்காரவே முடியாது!"

"யாருடா உக்காரச் சொன்னது? படுத்துக்கிட்டே வருவா."

"மறுபடி விழுந்தா?"

"இந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கிறதுக்கு விழலாம்டா" என்றாள் குள்ளச்சி. இரண்டு வருடத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசிய முதல் வாக்கியம் அது.

மூவரும் தங்கள் மூலைகளில் ஏறியதும் விரிப்பு கட்டிலிலிருந்து ஒரு முழம் எழும்பியது. மகன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அவன் மனைவி சமையலறையிலிருந்து வந்து, ஈரக் கையோடு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"விடுங்க. நாளைக்கு எனக்கும் வயசாகும்."

பிறகு பால்கனிக் கதவு இரண்டையும் அவளே திறந்துவிட்டாள். விரிப்பு வெளியே போய்த் தெருவுக்கு மேலே திரும்பியபோது, மாத்திரைப் பையைத் தூக்கி எறிந்தாள். இஸ்திரி ஒரு கையால் பிடித்தாள். கீழே காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்றைக்குத் தக்காளி மலிவு என்பதால் கூட்டம் இருந்தது.

குள்ளச்சியின் மூலை இதுவரை இல்லாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அதனால் விரிப்பும் இதுவரை போகாத வேகத்தில் போனது. பிற்பகல் மூன்று மணிக்குக் கடற்கரையைத் தாண்டியது. திணறவில்லை. மேஸ்திரியம்மா எழுந்து நின்று, கீழே தெரிந்த தண்ணீர் முழுவதையும் பார்த்து, பேருந்து நிலையமே கேட்கும்படி ஒரு விசில் அடித்தாள்.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. அக்கரையிலும் அவர்களுக்குச் சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள். பாஷை தெரியாது, திட்டிக்கொள்வதில் ஒரு குறையுமில்லை. குள்ளச்சியின் மகன் அம்மா வரும் நாள்களில் பால்கனியைக் கழுவிவிட்டு, செடித்தொட்டிகளை ஓரமாக நகர்த்தி வைக்கிறான். நகராட்சி தொலைபேசிக் கம்பிகளை மண்ணுக்கடியில் போட்டுவிட்டது. போன வாரம் வந்த நால்வரும் ஒரு பாலைவனத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, துணி கால் மணி நேரத்தில் காய்கிறது, ஆனால் மணல் ஒட்டுகிறது என்றாள் இஸ்திரி. நாலு நாள் தங்கினார்கள். குள்ளச்சிக்குப் புது மூக்குக் கண்ணாடி வாங்கினார்கள். செவ்வாய்க்கிழமை காலை கிளம்பிப் போனார்கள்.