ஆறு வால்

எனக்கு எண்ணத் தெரியாது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வைக்கோல் கொட்டகையில் ஏழு பூனைகள் இருந்தன. எலி பிடிக்க வைத்திருக்கிறோம் என்பது வெளியே சொல்லும் காரணம். போன மாதம் ஒரு சாயங்காலம் சோம்பல்பட்டு, கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டேன். ஏழில் சின்னவனான பொடியனை நரி கொண்டுபோய்விட்டது. வாசலில் கொஞ்சம் முடிதான் கிடந்தது. இரண்டு நாள் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. மிச்சம் ஆறில் ஒன்றைக்கூட அந்தப் பாவி நரிக்கு விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் தீனி சாயங்காலம் மட்டும்தான். பொழுது சாயும்போது கொட்டகைக்குள் இருக்கிற நீளத் தொட்டியில் மீன் தலைகளைப் போட்டுவிட்டு, பால் கேனைக் கரண்டியால் தட்டுவேன். எங்கே இருந்தாலும் அடித்துப் பிடித்து ஓடிவரும். தொட்டிக்குள் தலையை விட்டால் எது யாரென்று தெரியாது. அதனால் வாசலில் நின்றபடி வால்களை எண்ணுவேன். ஆறு வால் இருந்தால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன்.

வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே பலகை அடித்து ஒரு பரண் கட்டினார். பூனைகள் நகம் பதித்து ஏற வசதியாகத் தூணில் சாக்கைச் சுற்றினார்.

"பூனைக்கு மாடி வீடா?" என்று பிடித்துக்கொண்டேன். "சமையலறைக்கு ஒரு அலமாரி கேட்டு மூணு வருஷம் ஆச்சு. அதுக்கு மட்டும் உங்களுக்குக் கை வராது!"

"கதவை மட்டும் நம்பக் கூடாதும்மா" என்றார்.

"கதவைச் சாத்துறது நான். என்னை நம்பலாம்" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

நேற்று முன்தினம் பால் வண்டி சீக்கிரமே வந்து ஹாரன் அடித்தது. கொட்டகை பல்பு வேறு போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அவசர அவசரமாகக் கேனைத் தட்டிவிட்டு அரைவெளிச்சத்தில் எண்ணினேன். ஆறு வால். ஓரத்தில் இருந்தது புசுபுசு வால். எங்கள் சாமரத்துக்குத்தான் அப்படி வால், அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். எல்லாம் சரி என்று கதவைப் படாரென்று சாத்தினேன்.

திரும்பினால், மதில் மேல் உட்கார்ந்து சாமரம் பாதத்தை நக்கிக்கொண்டிருக்கிறாள்!

இவள் இங்கே இருந்தால் உள்ளே இருக்கிற புசுபுசு வால் யாருடையது? அதற்குள் கொட்டகையில் தடால் தடால் என்று சத்தம்.

"என்னங்க! ஓடி வாங்க! நரியை உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்!"

"என்னது? நீயேவா?"

"ஆமா, நானேதான்! கேள்வி அப்புறம் கேளுங்க, முதல்ல கதவைத் திறங்க!"

தாழ்ப்பாளை இழுத்ததுதான் தாமதம். ஒரு இளநரி, வாயில் மீன் தலையோடு அவர் கால் இடுக்கில் புகுந்து பாய்ந்தது. அவர் அப்படியே சாணக் குவியலில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிடக்கூட நிற்காமல் உள்ளே ஓடினேன். தொட்டி கவிழ்ந்து கிடந்தது. ஒரு பூனையையும் காணோம். போச்சு, அஞ்சையும் நானே கொன்னுட்டேன் என்று தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தேன்.

மேலே ஒரு சீறல் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். பரணில் ஐந்து பேரும் முதுகைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. சாமரம் ஒன்றுமே நடக்காதது போல உள்ளே வந்து, சிதறிக் கிடந்த மீனை முகர்ந்து பார்த்தாள்.

வீட்டுக்காரர் சாணத்தைத் தட்டிக்கொண்டே வாசலில் வந்து நின்றார். இந்த மனிதர் இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லியே காட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ பரணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி சரி, அழாத. நாளைக்கே பலகை வாங்கிட்டு வந்து உன் அலமாரியை அடிச்சுடறேன்" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"பலகை வாங்கிட்டு வாங்க" என்றேன். "அலமாரி கிடக்கட்டும். அந்தப் பக்கச் சுவர்ல இன்னொரு பரண் அடிங்க."