அந்தோனி அடைத்த பிளவு

1

இந்தக் காலத்தில் யாரும் பாறையைக் கையால் தட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டுப் போனைப் பார்க்கிறார்கள். போன் சொன்னால் பாறை அதிர்ந்தது. சொல்லாவிட்டால் நம் வீட்டுச் சுவர் பொய் சொல்லுகிறது.

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. கல்குவாரிக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். கடிதமென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும், கீழே கையெழுத்தும் போட வேண்டும். கதைக்கு இரண்டும் வேண்டாமாம். ஆகவே கதை.

2

"கொஸ்லந்தைக்கு மேலே வேட்டுச் சத்தம் முழங்கியபோது மலைகளெல்லாம் நடுங்கி..."

(இல்லை. மலை ஒன்றும் செய்யவில்லை. அங்கேயேதான் இருந்தது.)

மறுபடி. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கும் குவாரிக்கும் நடுவே ஒரே பாறை. அதன் குறுக்கே ஒரு பிளவு, ஆள் உயரத்துக்கு ஆழம். முப்பது வருஷமாக மத்தியானத்தில் வேட்டு வைக்கிறார்கள். லயத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் சிந்தியதில்லை. போன மாதம் சிரமதானத்தில்* அந்தோனி என்பவன், ஆட்டுக்குட்டி விழுகிறதென்று, அந்தப் பிளவைக் கல்லும் மண்ணும் கொட்டி இறுக்க அடைத்தான். மழை பெய்து இன்னும் இறுகியது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேட்டுக்கும் லயத்து ரெங்கம்மா வீட்டின் பின்சுவர் விரிகிறது. சுவரோரம் கட்டில். கட்டிலில் அவள் மகள் மதுஷாவும், பிறந்து பன்னிரண்டு நாளான பிள்ளையும். அந்த அறையில் கட்டிலுக்கு வேறு இடமில்லை.

(அந்தோனி பிடிவாதக்காரன். யார் சொல்லும் கேட்கமாட்டான். இவனை எனக்குப் பிடிக்கவில்லை. எங்கேயோ பார்த்த மாதிரியும் இருக்கிறது.)

* சிரமதானம் என்றால், படம் எடுக்கும்வரை எல்லாரும் வேலை செய்வார்கள். எடுத்த பிறகு ஒருவன் செய்வான்.

3

பெட்டிக்காரப் பையன் ஷிபான், பதுளையிலிருந்து வந்தவன். குவாரிக்காரர்கள் அனுப்பியவன், அதனால் ஒரு சொல்லையும் நான் நம்பவில்லை. அவன் சொன்னான்:

"வேட்டு அதிர்ச்சி பாறைக்குள்ளதான் ஓடி வரும், ஐயா. திறந்த பிளவு வந்தா அதுக்குத் தாண்டத் தெரியாது, பெரும்பாலும் திரும்பிப் போயிரும். அடைச்சது, அதுக்குப் பாலம் போட்ட மாதிரி."

அதே குவாரியில் பாறைக்குத் துளை போட்டவன் நான். ஓட்டைச் சுவர் பலமா, அடைத்த சுவர் பலமா என்று கேட்டேன். சுவருக்கு அடைப்புதான் பலம், அதிர்ச்சியைத் தடுக்க ஓட்டைதான் பலம் என்றான். படித்தவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். அடைத்தது யார் என்று கேட்டான். அந்தோனி என்றேன்.

ரெங்கம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இந்த லயத்துல அந்தோனின்னா, கோயில்ல சிலையா நிக்கிற அந்தோனியார் ஒருத்தருதான், வீரசிங்கண்ணே. அவரா வந்து மம்பட்டி புடிச்சாரு?"

சரி. மேலே அந்தோனி என்று வருகிற இடத்திலெல்லாம் என்னைப் போட்டுப் படியுங்கள். தலைப்பை மாற்றமாட்டேன்.

4

முடிவு ஒன்று: பிளவைத் தோண்டுகிறேன், சுவர் நிற்கிறது. அப்படியானால் அந்தப் பையன் சொன்னது சரி. வேண்டாம்.

முடிவு இரண்டு: தோண்டவில்லை, சுவர் நிற்கிறது. நல்ல முடிவு. ஆனால் நேற்று அந்த விரிசலுக்குள் என் சுண்டுவிரல் போனது.

முடிவு மூன்று: தோண்டவில்லை, நாளை மத்தியான வேட்டுக்குச் சுவர்

(இதை முடிக்கமாட்டேன். பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை.)

ரெங்கம்மாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். அந்தப் பையன் சொன்னதை எப்படி நம்புவது என்று கேட்டேன்.

"நீங்க நம்ப வேணாம்ணே. தோண்டுனா போதும்."

இந்த மூன்றில் எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுந்து போகிறேன். கையில் எதற்கு அலவாங்குக் கம்பி என்று கேட்பீர்கள். மரவள்ளி கிளப்பப் போகிறேன். பாத்தி அந்தப் பிளவுக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்கு நானா பொறுப்பு?

ஓட்டைதான் பலமாம். கேட்டீர்களா கதையை.