கூப்பிட்டால் கேட்கும் இடம்

சின்ன வெங்காயத்தை நின்றுகொண்டே உரிப்பது எப்பேர்ப்பட்ட கொடுமை என்று சந்திராவுக்கு இந்த வாரம்தான் தெரிந்தது. முன்பெல்லாம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உரிப்பாள். வெங்காயமும் ஆகும், காலும் ஆறும். இப்போது கதவும் இல்லை, சுவரும் இல்லை. சமையலறையையும் சாப்பிடுகிற கூடத்தையும் இடித்து ஒன்றாக்கிவிட்டார்கள். ஓபன் கிச்சனாம்! வாசலில் செருப்பை விடும்போதே அடுப்பு தெரிகிறது, அடுப்படியில் நிற்கிறவளும் தெரிகிறாள்.

இடது கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு, "ஒரேயடியா நிக்காதம்மா. நடுநடுவுல காலை நீட்டி உக்காரு. புண்ணு வந்துடுச்சின்னா அப்புறம் வேலைக்கே போவ முடியாது" என்று சொல்லியிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் உலை ஏறுவது இந்தக் காலை நம்பித்தான். ஆடிக் கிருத்திகைக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கிவிட்டால் யார் காதிலும் எதுவும் ஏறாது. அதனால் இன்றைக்கே அடுப்படி மூலையில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளக் கேட்டுவிட வேண்டும் என்று, பள்ளிப்பட்டு பஸ்ஸிலேயே மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

இன்று கூரையில் ஸ்பீக்கர் பதிக்கிற நாள். கடையிலிருந்து வந்த தணிகைமணி சின்னதில் ஒன்றும் பெரியதில் ஒன்றுமாகச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்தான். வீட்டுக்காரர் சிவப்பிரகாசம் அரிசி மண்டிக்குக்கூடப் போகாமல், மனைவி அனுராதாவோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சின்னதுல பேச்சு தெளிவா கேக்குங்க சார். பெருசுல பாட்டு கும்முனு இருக்கும்."

"கும்முனே இருக்கட்டும்பா. வர்றவங்க அசந்து போவணும்."

"ஆமா, உங்களுக்கு அசத்தணும்" என்றாள் அனுராதா. "ஒரு பக்கம் மிக்ஸி, ஒரு பக்கம் குக்கர், மேல இதுவும் கத்துனா மனுஷன் இருக்கறதா, ஓடறதா?"

மனுஷன் என்று அக்கா யாரைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சந்திரா வெங்காயத் தோலை ஒதுக்கினாள். பகல் முழுக்க இங்கே இருக்கப்போவது அவள்தான்.

கேட்டுப் பார்த்தே முடிவு செய்யலாம் என்றான் தணிகைமணி. ஏணியில் ஏறி, கூரைப் பலகையில் அறுத்து வைத்திருந்த ஓட்டையில் ஒன்று மாற்றி ஒன்றாகத் தொங்கவிட்டு முருகன் பாட்டு போட்டான். கேட்டுச் சொல்ல நடக்கிற ஆள் சந்திரா. மிக்ஸியை ஓடவிட்டு அடுப்பாண்ட நில்லு, சிங்க் பக்கம் போ, மேசைக்கு வா, திரும்ப அடுப்புக்குப் போ என்று அனுராதா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் காட்டினாள். ஒவ்வொரு இடத்திலும் "கேக்குதா?" என்ற கேள்வி. ஒவ்வொன்றுக்கும் "ஆங், கேக்குதுங்க்கா" என்று பதில். பெரியதற்கும் அதே பதில், சின்னதற்கும் அதே பதில். கால் விண்விண் என்று தெறித்தது. எதையாவது ஒன்றை வைத்துத் தொலைக்க மாட்டார்களா என்றிருந்தது அவளுக்கு.

கடைசியில் அனுராதா சொன்ன சின்னதே ஜெயித்தது. மேசைக்கு மேல் இரண்டு, அடுப்புப் பக்கம் ஒன்று.

"அடுப்பாண்ட யாருனா உக்காருவாங்களா மேடம்?" என்று ஏணியிலிருந்து கேட்டான் தணிகைமணி. "தலைக்கு நேரா வெச்சா காது இரையும். தள்ளி வெச்சிடறேன்."

"அங்க யாரு உக்காரப் போறா? நின்னு செய்யற வேலைதானே."

இப்போது விட்டால் எப்போதும் இல்லை. சந்திரா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அக்கா... அந்த மூலையில ஒரு ஸ்டூல் போட்டுக்கட்டுங்களா? நிக்க முடியலக்கா. உக்காந்து உக்காந்து செய்யச் சொல்லிக்கீறாங்க டாக்டரு."

"அடிப்பாவி, முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" அனுராதா எழுந்தே வந்துவிட்டாள். குனிந்து காலைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். பிறகு மூலையைப் பார்த்தாள். பளபளக்கிற தரையைப் பார்த்தாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "இங்க போட்டா நல்லாருக்காதே சந்திரா. அடைசலே இருக்கக் கூடாதுன்னுதானே சுவத்தையே எடுத்தது? உள்ள வர்றவங்க கண்ணுல மொதல்ல அதுதான் படும். பின்னாடி வாஷிங் மெஷினாண்ட போய் உக்காந்துக்கோ. தாராளமா உக்காரு, யாரு வேணாம்னா?"

"கதவு சாத்தியிருந்தா கூப்புடறது கேக்காதே" என்றார் சிவப்பிரகாசம்.

"அங்கயும் ஒண்ணு வெச்சிடலாங்க சார்" என்றான் தணிகைமணி. "போன்ல பேசுனா அங்க கேக்கும்."

சந்திராவுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கேட்டது ஸ்டூல். கிடைத்தது உட்கார ஓர் இடமும், அதற்கென்று தனியாக ஒரு ஸ்பீக்கரும்! வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு, தணிகைமணிக்கு இன்னொரு டம்ளர் டீ கூடுதல் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்கட்டு ஸ்பீக்கரும் ஏறியது. வாஷிங் மெஷினுக்கும் காலி சிலிண்டருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரலாம். சந்திரா அரிசிச் சாக்கை மடித்துப் போட்டு, மெல்ல இறங்கி உட்கார்ந்து காலை நீட்டினாள். "அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னாள். கண் தானாக மூடியது.

"சந்திரா!"

தலைக்கு மேலிருந்து வந்தது குரல். தூக்கிவாரிப் போட்டது. "வந்துட்டங்க்கா!" என்று மேலே பார்த்துச் சொன்னாள்.

"சந்திரா!"

"வந்துட்டங்க்கா!"

பின்கட்டு வாசற்படியில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த தணிகைமணி, "அதுக்குக் கேக்காதுக்கா. அது பேசத்தான் செய்யும். நீங்கதான் எழுந்து போவணும்" என்றான்.

சிலிண்டரைப் பிடித்து எழுந்து போனாள். அனுராதா போனும் கையுமாகச் சிரித்தாள். "ஒண்ணுமில்ல, கேக்குதான்னு பாத்தேன். போ, போய் உக்காரு."

உட்கார்ந்தாள். இந்த முறை சிவப்பிரகாசம். எழுந்து போனாள். அவரும் கேட்கிறதா என்றுதான் பார்த்தார்.

சாயங்காலம் சென்னையிலிருந்து அனுராதாவின் தங்கை துர்கா குடும்பத்தோடு வந்து இறங்கினாள். புதுச் சமையலறையைப் பார்த்து எல்லாரும் அசந்துதான் போனார்கள். சந்திரா பலகாரத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பின்கட்டுக்கு நழுவினாள்.

"ஹலோ, ஹலோ... சந்திராக்கா!" துர்காவின் குரல்.

போனாள்.

"அட, நெசமாவே வந்துட்டாங்க!" என்றாள் துர்கா. கூடம் முழுக்கச் சிரிப்பு. போன் அடுத்த கைக்கு மாறியது. "நானு, நானு" என்று பிள்ளைகள் கை நீட்டினார்கள்.

சந்திரா பின்கட்டுக்குத் திரும்பினாள். மெஷினைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கியவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். நிமிர்ந்து, மேலே அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தபடி நின்றாள்.