செடியிலேயே விரிந்த மல்லிகை

செல்போனைச் செத்த நேரம் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிட்டத்தில் வாருங்கள், கண்ணுகளா. போன வைகாசியில் அகரம் என்ற ஊரில் ஒரே ஒரு மல்லிகைப்பூ செய்த வேலையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். பாண்டியராஜ் கோபித்துக்கொள்ளமாட்டான்.

பாண்டியராஜுக்குக் கால் ஏக்கர் மல்லிகைத் தோட்டம். புருசனும் பெண்டாட்டியுமாகத்தான் பூப் பறிப்பார்கள். நல்ல உழைப்பாளி. ஆனால் செல்போனில் படம் எடுப்பதிலும், எடுத்த படத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவதிலும் பித்து. ஒருநாள் சாயங்காலம் பெண்டாட்டி பானுப்ரியா மொட்டு விட்ட செடிகளுக்கு நடுவில் புதுச்சேலையோடு நின்றாள். இவனும் எடுத்தான். அவள் முகத்தில் நிழல் விழுந்துவிட்டதாம். அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டுச் செடியை மட்டும் ஸ்டேட்டஸில் வைத்தான். ஓரத்தில் அவள் முழங்கை மட்டும் மிச்சம்.

"என்னைய வெட்டிட்டுச் செடிய வச்சுக்கிட்டீங்கள்ல? அதுகூடவே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு, சேவுகம்பட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

இவன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. ஆனால் இவன் வைக்கும் ஸ்டேட்டஸை மட்டும் விடாமல் பார்த்தாள். பார்த்தவர்கள் வரிசையில் அவள் பெயரைக் கண்டதும் இவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. வாயால் கேட்க வராத மன்னிப்பைப் படத்தால் கேட்டு, அவளை எப்படியாவது வரவழைத்துவிடலாம் என்று நினைத்தான்.

மல்லிகையை விடியும்போதே மொட்டாகப் பறித்தால்தான் திண்டுக்கல் மார்க்கெட்டில் எடுப்பார்கள். செடியில் விரிந்துவிட்டால் சீந்த ஆளில்லை. ஆனால் கேமராவுக்கு விரிந்த பூதானே அழகு? தோட்டம் முழுக்கப் பறித்தவன், ஒரு மொட்டை மட்டும் விட்டுவைத்தான். மறுநாள் பறிப்பை முடித்துவிட்டு வந்து பார்த்தால் அது விரிந்து நின்றது. எடுத்தான். சுற்றியிருந்த இலையையெல்லாம் கறுப்பாக்கினான். பூவை வெள்ளாவியில் வைத்ததுபோல் வெளுத்தான். இல்லாத பனித்துளி இரண்டை வேறு ஒட்டினான். நீ இல்லாமல் தனியாக நிற்கிறேன் என்று அதற்கு அர்த்தமாம். எழுதக் கூச்சம், படத்தை மட்டும் போட்டான்.

பக்கத்துத் தெரு ஜெயமேரி டீச்சர், ஏதோ ஜெபப் படமென்று நினைத்து, முதல் ஆளாக 'ஆமென்' என்று பதில் அனுப்பினார். பூக்கடை ஆண்டிச்சாமி, இந்தப் பிளாஸ்டிக் பூ எந்தக் கடையில் கிடைக்கிறது என்று விசாரித்தார். சேவுகம்பட்டியில் மாமியார் சுந்தரம்மாள் மகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கறுப்புக்கு நடுவே ஒற்றை வெள்ளைப் பூ.

"உங்க வீட்டுல யாருடி போயிட்டா? துட்டிக்கு நானும் வரணுமா?" என்றார்.

பானு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பூ விரிந்து செடியிலேயே நிற்கிறது, மனுசன் பறிக்கவே இல்லை. அவள் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. தோட்டமே பாழாகக் கிடக்கிறதென்று முடிவுகட்டினாள். சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டானோ என்று உள்ளுக்குள் ஒரு பயமும். அதை அம்மாவிடம் சொல்வாளா? நல்லா நாலு வார்த்தை கேட்டுவிட்டு வாரேன் என்று கிளம்பினாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே தோட்டத்துக்குள் புகுந்தாள். செடிகளெல்லாம் சுத்தமாகப் பறிபட்டு நின்றன. ஒரு செடியில் மட்டும் அந்தப் பூ, வெயிலில் லேசாகச் சிவந்து தலை தொங்கி இருந்தது. அதற்குப் பின்னால் பாண்டியராஜ் களை வெட்டிக்கொண்டிருந்தான்.

"அம்புட்டையும் பறிச்சுட்டு இத மட்டும் எதுக்கு விட்டீங்க?"

யோசித்து வைத்திருந்த விளக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு, அவன் களைக்கொத்தைக் கீழே போட்டான்.

"ஒனக்குத்தான்."

பானு பறிபட்ட செடிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு, கூடப் பறிக்க யார் வந்தது என்று கேட்டாள். யாரும் வரவில்லை, ஒத்தையாளாகத்தான் பறித்தேன் என்றான்.

"பொழைக்கத் தெரியாத மனுசன்" என்றாள். கொண்டுவந்த பையை வரப்பில் வைத்தாள். "விடியக்காலம் என்னையும் எழுப்புங்க."

அவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டிலும் கோபித்துக்கொண்டு போனவர்கள் வெயில் தாழ்வதற்குள் திரும்பி வரட்டும். வருகிறவர்களுக்குப் பானையில் சோறும் சட்டியில் வெஞ்சனமும் குறையாமல் இருக்கட்டும். நல்லாயிருங்கள், கண்ணுகளா.