முதல் தண்ணீர்

போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அழகுபாண்டி மேலும் கீழும் பார்த்தான். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் ஜிப்சம் பலகைகள் சேரும் இடத்தில் மேடு பள்ளம் தெரியும். டைல்ஸுக்குச் சற்று மேலே மெலிதாக ஒரு கோடு. சுவருக்குப் பூசும் பட்டி மாவைக் குழைத்து, அகலத் தகட்டால் ஒரே இழுப்பாக இழுத்தான். கோடு போன இடம் தெரியவில்லை. தனியாக நின்று சிரித்துக்கொண்டான்.

“முடிஞ்சுதாடா?” கூடத்துக் கட்டிலிலிருந்து அம்மா செல்லத்தாய் மறுபடியும் கேட்டாள்.

“மூணாவது கோட்டு பூசிட்டு இருக்கேம்மா. இதோட சரி.”

“சார்ஜாவுல ஊரான் வீட்டுக்குன்னா வெரசா முடிச்சிருவ. பெத்தவளுக்குன்னா மூணு கோட்டாக்கும்?”

இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து அவளுக்குக் கொல்லையில்தான் குளியல். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் சுற்றிச் சேலை பிடிப்பார்கள். மாடியிலிருந்து எவனாவது பார்க்கிறானோ என்று கண்ணை இறுக மூடிக்கொள்வதாக ஒரே ஒரு தடவை போனில் சொன்னாள். அழகுபாண்டி லீவு போட்டு வந்துவிட்டான். செங்கல் வைத்துக் கட்ட நாள் போதாது. சார்ஜாவில் தினமும் செய்கிற வேலையையே இங்கே செய்தான். கூடத்து மூலையைப் பலகையால் அடைத்து, கட்டிலுக்கு நாலு எட்டில் ஒரு குளியலறை.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதுச் சந்தன சோப்பைப் பிரிக்காமலே மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மலையாண்டி தோளில் துண்டோடு கதவை நெருங்கியதும் அதட்டினாள்.

“அங்க என்ன எட்டிப் பாக்குறீக? மொதத் தண்ணி எனக்குத்தான்.”

கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு அவர் நழுவினார்.

இன்றைக்கே குளித்துவிட்டால் என்ன என்று அடம்பிடித்தாள்.

“இன்னைக்கு மட்டும் பொறும்மா. ஈரத்துல தண்ணி பட்டா அம்புட்டுப் பட்டியும் கரைஞ்சு போயிரும். நாளைக்கு விடியவும் நானே தூக்கிட்டுப் போறேன்.”

“சரி சரி. நல்லா இழு,” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் தகட்டைக் கழுவக்கூட இல்லை. மூலை முடுக்கெல்லாம் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டு ஓடினான். அம்மாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தான். “பாரும்மா, கோடு தெரியுதா சொல்லு.” கண் திறக்கவில்லை. தோளைத் தொட்டான். வீடியோ முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது.

சாயங்காலம் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்த பெரியம்மா பேச்சி, பந்தலோரம் மறைப்புக்குச் சேலை பிடிக்கப் பெண்களைக் கூப்பிட்டாள். அழகுபாண்டி குறுக்கே போய் நின்றான்.

“உள்ள வச்சுக் குளிப்பாட்டுங்க பெரியம்மா.”

“கிறுக்காடா ஒனக்கு? செத்தவளக் குளிப்பாட்டுன தண்ணி வீட்டுக்குள்ள நிக்கலாமா?”

“நிக்காது. பைப்பு போட்டிருக்கேன், வெளிய போயிரும்.”

கூடியிருந்தவர்கள் மலையாண்டியைப் பார்த்தார்கள். அவர் மகனைப் பார்த்தார்.

“பட்டி இன்னும் காயலயேப்பா.”

“போனாப் போகுதுப்பா.”

மலையாண்டி எழுந்து போய்ப் பேச்சியின் கையிலிருந்த சேலைகளை வாங்கினார். ஒவ்வொன்றாக மடித்துத் தன் நாற்காலியில் வைத்தார்.

“உள்ள தூக்குங்க,” என்றார்.

பெண்கள் உள்ளே போனதும் பேச்சி கதவைச் சாத்தினாள். தாழ் விழும் சத்தம் கேட்டது. அதன்பிறகு தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம்.

அழகுபாண்டி வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனான். புதுக் குழாயில் முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு பால்போல வெள்ளையாகத் தண்ணீர். அதன் பின்னால் மஞ்சளும் அரப்பும் கலந்து, நுரையோடு.

அவன் குத்தவைத்து உட்கார்ந்து, குழாய் வளைகிற இடத்தில் அடியில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தான். கசிவு இல்லை. விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வந்துகொண்டிருந்தது.